அடுக்கில் ஒரு ஆள் குறைகிறது

சுடர்விழியின் வேலை போவதற்கு இன்னும் ஒரு மணி ஐந்து நிமிடம் இருந்தது.

அரிகிருஷ்ணன் தன் பழைய ஸ்கூட்டரைக் கருவடிக்குப்பத்து மாடி வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தியபோது மணி பத்து ஐம்பத்தைந்து. வீட்டுக்குள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அதன் முதலாளி மார்செல் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புவார். கிளம்பும் முன் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். சுடர்விழி என்ற இருபத்து நான்கு வயதுப் பெண் கம்பெனிக்கு வேண்டுமென்றே கெடுதல் செய்தாள், ஆகவே நீக்கப்படுகிறாள் என்று அந்தக் கடிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. கெடுதலை நிரூபிக்கத்தான் அரிகிருஷ்ணனை வரச் சொல்லியிருந்தார்கள்.

"நல்ல வேலை சார்," என்றாள் பின்சீட்டிலிருந்து இறங்கிய அஞ்சலாட்சி. "தாலி கட்டி முடிச்சிட்டு பொண்ணு பார்க்கக் கூப்பிட்டிருக்காங்க."

அரிகிருஷ்ணன் துப்பறிவாளர் ஆவதற்கு முன் அரசாங்க அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். காணாமல் போன ஃபைல்களைத் தேடித் தேடி அலுத்து, காணாமல் போன மனிதர்களைத் தேடலாம் என்று உழவர்கரையில் தையல் கடை மாடியில் போர்டு மாட்டினார். வந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா என்ற விசாரணைகள்தான். அஞ்சலாட்சி ஒரு மில்லில் பதினாறு வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். மில்லை மூடியதும் இவரிடம் உதவிக்கு வந்தாள். பாதி ஊரின் ரகசியம் அவள் காது வழியாகப் போயிருக்கிறது. மீதி ஊரைப் பற்றி அவளே யூகித்துக்கொள்வாள்.

மார்செல் பிரெஞ்சு ராணுவத்தில் அஜுதான் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்ஸ் உலகக் கோப்பையை இத்தாலியிடம் கோட்டைவிட்டு அன்றைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் முகம் இன்னும் துக்க வீட்டிலேயே இருந்தது. இருவரும் உள்ளே நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம், மேஜை மேலிருந்த மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. வயதான மனிதர் தனியாக இருக்கும்போது எதைப் பார்த்தால் நமக்கென்ன என்று அரிகிருஷ்ணன் நாகரிகமாக ஜன்னலைப் பார்த்தார். அஞ்சலாட்சி அவ்வளவு நாகரிகம் பார்ப்பவள் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது மானிட்டரின் முதுகு மட்டும்தான்.

"மிசே அரிகிருஷ்ணன், விஷயம் ரொம்ப சிம்பிள்," என்றார் மார்செல். "மொரீஷியஸ்ல மூணு கண் ஆஸ்பத்திரி. அவங்க அப்பாயின்ட்மென்ட் எல்லாம் நம்ம சர்வர்ல. மூணு வாரமா சர்வர் படுத்துக்குது. அங்க வயசானவங்க கண்ல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க, எந்த டாக்டர்னு ஸ்க்ரீன்ல வர மாட்டேங்குது. நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா கான்ட்ராக்ட் ஃபினி."

"அந்தப் பொண்ணுதான் காரணம்னு எப்படித் தெரியும்?"

மார்செல் ஒரு தாளை நீட்டினார். "மெஷினே சொல்லுது. நூத்துக்கு எழுபத்தொரு பங்கு நேரத்தை அவ எழுதின ப்ரோகிராம்தான் தின்னுது. போன வாரமே மொரீஷியஸுக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன். யாரோ போட்டிக் கம்பெனிக்காரன் சொல்லி வேணும்னே செய்யுறா. யாருன்னு கண்டுபிடிங்க. பன்னெண்டு மணிக்குள்ள."

"மெஷின் தப்பா சொல்லாதா?"

"மெஷின் பொய் சொல்லாது மிசே. மனுஷன்தான் சொல்லுவான்," என்றார் மார்செல். பிறகு ஏதோ எழுதிக்கொள்ள விசைப்பலகைப் பக்கம் திரும்பி, ஒற்றை விரலால் ஒரு எழுத்தைத் தேட ஆரம்பித்தார். அது கிடைப்பதற்குள் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

சுடர்விழி கடைசி மேஜையில் இருந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். அஞ்சலாட்சி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"நீ கொளஞ்சி பொண்ணு இல்ல? மில்லுல ரெண்டாவது ஷிப்டு?"

"ஆமாங்க அக்கா. அப்பாதான்."

"போன்ல உங்கப்பாவுக்கு உன் ரிசல்ட் சொன்னதே நான்தான். பத்தாவதுல நானூத்தி அறுபத்தி மூணு. கவலைப்படாத. சார் பார்க்கத்தான் இப்படி இருப்பாரு."

சுடர்விழியின் பயம் வேலையைப் பற்றியது மட்டும் இல்லை. கம்பெனியில் சேரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றின் ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி மார்செல் தன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். கெடுதல் செய்தாள் என்ற கடிதத்தோடு வெளியே போனால் அவை எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு வேறு எந்தக் கம்பெனியும் அவளை உட்காரக்கூடச் சொல்லாது. பரம்பரையிலேயே மெஷினுக்கு எண்ணெய் விடாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான்.

அரிகிருஷ்ணன் தாளை மேஜையில் விரித்தார். மேலிருந்து கீழாக மூன்று பெயர்கள். வரிசை, பட்டியல், வாசல்.

"வரிசைங்கறது உன் ப்ரோகிராமா?"

"நான் எழுதின ஃபங்ஷன் சார். பேர் லிஸ்ட்டைக் குடுத்தா அடுக்கிக் குடுக்கும், அவ்ளோதான். யாராவது கூப்பிட்டாத்தான் வேலை செய்யும். அதுவா எழுந்துபோய் எதையும் அடுக்காது."

"அப்போ யார் கூப்பிட்டாங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"அதைக் கேக்கறதுக்குத்தான் சார் இந்த ப்ரொஃபைலர். ஒரு செகண்டுக்கு நூறு வாட்டி மொத்த மெஷினையும் தட்டி நிறுத்தும். இப்ப வேலை செய்யறது யாரு, உன்னை யார் கூப்பிட்டா, அவரை யார் கூப்பிட்டான்னு கீழ வரைக்கும் விசாரிச்சு எழுதிக்கும்."

"மில்லு சூப்பர்வைசர் மாதிரி," என்றாள் அஞ்சலாட்சி. "அவரு வந்தாலே யாரும் வேலை செய்ய மாட்டாங்க."

"விசாரிச்சா சொல்லிடுவாங்களா?" என்றார் அரிகிருஷ்ணன்.

"வாயால சொல்லாதுங்க சார். ஒவ்வொரு ஃபங்ஷனும் வேலையை ஆரம்பிக்கறப்ப ஒரு சீட்டு வெச்சிட்டு உக்காரணும். அந்தச் சீட்டுல ரெண்டே விஷயம். என்னைக் கூப்பிட்டது இன்னார், வேலை முடிஞ்சா அவர்கிட்டத் திரும்பணும். இன்னொண்ணு, இதுக்கு முந்தின சீட்டு இந்த இடத்துல கிடக்குது. சீட்டு மேல சீட்டா அடுக்கிக்கிட்டே போவும். ப்ரொஃபைலர் மேல் சீட்டைப் பிடிச்சு ஒண்ணொண்ணா இறங்கும்."

அரிகிருஷ்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதை அணைப்பது எப்படி என்பது மட்டுமே. ஆனால் இது கம்ப்யூட்டர் விஷயமாக அவருக்குப் படவில்லை.

"பார்வை!" என்றார். "கவர்ன்மென்ட் லெட்டர்ல பொருளுக்குக் கீழ பார்வைன்னு ஒரு வரி இருக்கும். எந்த லெட்டருக்குப் பதில்னு அதுல நம்பர் போடுவோம். அந்த நம்பரைப் பிடிச்சா முந்தின லெட்டர், அதோட பார்வையைப் பிடிச்சா அதுக்கும் முந்தினது. இருபத்திரண்டு வருஷம் நான் செஞ்ச வேலைம்மா இது. எல்லாரும் ஒழுங்கா சீட்டு வெப்பாங்களா?"

"எங்க சீனியர் கிளமான் சாரோட ப்ரோகிராம் லைப்ரரி மட்டும் வெக்காது சார். பட்டியல்னு இருக்கே, அது அவரோடது. சீட்டு எழுதற நேரம் மிச்சம்னு கம்பைல் பண்றப்பவே, அதாவது மெஷின் மொழிக்கு மாத்தறப்பவே, எடுத்துட்டாரு. ரெண்டு பர்சென்ட் வேகம் கூடிச்சு. எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்தாரு."

"சீட்டு இல்லாம கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"இருக்குது. எந்த இடத்துல நின்னா யார்கிட்டத் திரும்பணும்னு பெரிய அட்டவணை ஒண்ணு கம்பைலரே எழுதிக் குடுக்கும். அதைப் புரட்ட நேரமாவும் சார். செகண்டுக்கு நூறு வாட்டி புரட்டினா மெஷின் வேற வேலையே பார்க்க முடியாது. அதையும் கிளமான் சார் இடத்தை அடைக்குதுன்னு எடுத்துட்டாரு."

"சீட்டும் இல்ல, புத்தகமும் இல்ல," என்றாள் அஞ்சலாட்சி. "அந்தாளு வீட்டுக்குக் கதவாவது இருக்குதா?"

பேசிக்கொண்டே அவள் மேஜையில் கிடந்த காகிதக் கற்றையை எடுத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அன்றைக்கு எப்போது சர்வர் படுத்தது என்று சுடர்விழி பொடி எழுத்தில் குறித்திருந்தாள். எல்லாத் தாளிலும் ஒரே பாட்டு. பத்தரையிலிருந்து பன்னிரண்டு, நான்கிலிருந்து ஆறு.

"மதியம் பன்னெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மெஷினுக்குக் கஷ்டமே இல்லியா?" என்றாள் அஞ்சலாட்சி. "அப்ப அதுவும் நம்மூரு மெஷின்தான். கடையைச் சாத்திட்டு தூங்குது."

அரிகிருஷ்ணன் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது என்பது அவருக்கு அரை மணி கழித்துத்தான் தெரிந்தது. அவர் கண் அதற்குள் வேறொரு தாளில் நின்றுவிட்டது. ஜூலை பதினான்கு, வெள்ளிக்கிழமை. முதுகில் ஒரே வரி: நாள் பூராவும் பறந்தது.

"அன்னிக்கு மொரீஷியஸ்ல லீவா?"

"இல்ல சார். வழக்கத்தைவிடக் கூட்டம் ஜாஸ்தி."

"இங்க?"

"எங்களுக்கு வேலை நாள்தான். மார்செல் சாரும் கிளமான் சாரும் மட்டும் வர்ல. பிரெஞ்சு நேஷனாலிட்டி இல்லியா, அன்னிக்கு அவங்க தேசிய நாள், ஃபெத் நாசியோனால். மெடலெல்லாம் குத்திக்கிட்டு பீச் ரோட்டுக்குப் போயிட்டாங்க."

அரிகிருஷ்ணன் விரலை மடக்கினார். இரண்டு பேர் வராத நாளில் சர்வர் பறந்திருக்கிறது. ஒருவர் ஒற்றை விரலால் டைப் அடிக்கிறவர், அதுவும் விசாரணைக்குக் கூப்பிட்டவர். அவரைக் கழித்தால் மிஞ்சுவது ஒருவன்தான். அவன்தான் சீட்டு வைக்காதவன்.

"அஞ்சலாட்சி, வா. ஆள் கிடைச்சாச்சு."

"இவ்ளோ சீக்கிரமாவா? சந்தேகமா இருக்குதே சார்," என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நடந்தாள். சுடர்விழியும் எழுந்து வந்தாள்.

கிளமான் முப்பது வயதுக்காரன். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த அவன் மேஜை கம்பெனியிலேயே சுத்தமான மேஜை. தேவையில்லாத எதையும் வைத்துக்கொள்ளாதவன் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது.

"தம்பி," என்றார் அரிகிருஷ்ணன், "தப்பு பண்றவன்தான் தடயத்தை அழிப்பான். சீட்டு வெக்காம ஒளிஞ்சுக்கிட்டு அந்தப் பொண்ணு தலையில பழியைப் போட்டிருக்க. பதினாலாம் தேதி நீ வர்ல, சர்வரும் படுக்கல. போதுமா?"

கிளமான் கோபப்படவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டாவது வரியில் விரல் வைத்தான்.

"இது என்னா சார்?"

"பட்டியல்."

"யாரோடது?"

"உன்னுது."

"ஒளிஞ்சிருக்கறவன் பேரு எப்படி சார் லிஸ்ட்டுல இருக்கும்?"

விட்டத்தைப் பார்த்தார் அரிகிருஷ்ணன், தரையைப் பார்த்தார், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து.

"பட்டியல் சும்மா நடுவுல நிக்கற ஆள் சார்," என்றான் கிளமான். "வாசல் கேக்கும், பட்டியல் எடுத்துக் குடுக்கும், வரிசை அடுக்கும். மெதுவா அடுக்குறது யாரோ அவங்களைக் கேளுங்க."

சுடர்விழியின் கண் மறுபடி கலங்கியது. அஞ்சலாட்சி அரிகிருஷ்ணன் பக்கம் குனிந்தாள். "சார், ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிடவா?"

அரிகிருஷ்ணன் அசையவில்லை. அவமானம் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. குமாஸ்தா மூளை மட்டும் வெட்கப்படாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சட்டென்று கையை நீட்டினார்.

"காலண்டர் தாளைக் குடும்மா. நாலு தாள்."

மேஜையில் நான்கு தாள்களை வரிசையாக வைத்தார். "பார்வை வரியில எவனும் தன் பேரை எழுத மாட்டான். தனக்கு எழுதினவன் பேரைத்தான் எழுதுவான். சரியா? இது வரிசை வெச்ச சீட்டு. இதுல என்ன எழுதியிருக்கும்?"

"என்னைக் கூப்பிட்டது பட்டியல்," என்றாள் சுடர்விழி.

"எழுது. அடுத்தது பட்டியல் வெக்க வேண்டிய சீட்டு. இதுல?"

"பட்டியலைக் கூப்பிட்டவர் பேரு."

"யாரு?"

"வாச..." என்று ஆரம்பித்த சுடர்விழி நிறுத்தினாள்.

"சொல்லும்மா. வாசல் நேரா பட்டியலைக் கூப்பிடுமா?"

"கூப்பிடாது!" சுடர்விழியின் குரல் தடுப்புக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "கூப்பிடவே கூப்பிடாது சார்! வாசல் ஏதாவது ஒரு திரையைத்தான் கூப்பிடும். டாக்டர் திரை, நோயாளி திரை, ஏதோ ஒண்ணு. அந்தத் திரைதான் பட்டியலைக் கூப்பிடும்!"

"அப்போ இந்த ரெண்டாவது தாள்ல திரையோட பேரு. மூணாவது, திரை வெச்ச சீட்டு. அதுல வாசலோட பேரு. நாலாவது வாசல் வெச்சது, அது நமக்கு வேணாம்." அரிகிருஷ்ணன் இரண்டாவது தாளை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கிளமான் தம்பி சீட்டு வெக்கல. இப்போ படி."

சுடர்விழி படித்தாள். "வேலை செய்யறது வரிசை. முதல் சீட்டுல பட்டியல். அடுத்த சீட்டுல... வாசல்."

"பிரின்ட்ல இருக்கற அதே மூணு பேரு," என்றாள் அஞ்சலாட்சி. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "சீட்டு வெக்காதவரு காணாமப் போவல. அவரைக் கூப்பிட்டவரு காணாமப் போயிட்டாரு."

"நான் தப்பான ஆளைப் பிடிச்சேன்," என்றார் அரிகிருஷ்ணன். "இந்தத் தம்பி தன்னை மறைக்கல. தனக்குப் பின்னாடி நிக்கற ஒருத்தரை மறைச்சிட்டாரு. தெரிஞ்சா, தெரியாமலான்னு அவர்தான் சொல்லணும்."

கிளமான் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. "வேகத்துக்காகத்தான் சார் எடுத்தேன். சத்தியமா."

"பிரின்ட்டைப் பார்த்தப்பவே ஒரு ஆள் குறையறது உனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதா இல்லியா?"

அவன் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"சீட்டு வெச்சு மறுபடி கம்பைல் பண்ண எவ்ளோ நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம்," என்றாள் சுடர்விழி. "ஆனா பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும்தான் இருக்குது."

"பண்ண முடியாது சார்," என்றான் கிளமான். "ரெண்டு பர்சென்ட் வேகம் போயிடும்."

அஞ்சலாட்சி அவன் எதிர் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தாள். "நான் போர்டுல உக்காந்திருந்தப்ப, தம்பி, எந்தக் கால் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒவ்வொண்ணும் நோட்டுல எழுதணும். எழுதாம விட்டா இன்னும் நாலு கால் சேர்த்துப் போடலாம். ஆனா ஒரு நாளு யாரோ போன்ல மேனேஜரைத் திட்டிட்டான். நோட்டு இல்லாம இருந்தா திட்டினது நான்னு ஆயிருக்கும். அந்தப் பொண்ணு மூணு வாரமா உன் வேகத்துக்காகத் திட்டு வாங்கிட்டு இருக்குது. உனக்கு வெக்கமா இல்ல?"

கிளமான் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. விசைப்பலகையை இழுத்து, சீட்டை நீக்கச் சொன்ன ஒரு வார்த்தையை அழித்துவிட்டு கம்பைல் பட்டனைத் தட்டினான்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கூடத்தில் போன்கள் மாறி மாறி அடித்தன. "உய் மதாம், ஒரு நிமிஷம் மதாம்," என்று பெண்கள் மொரீஷியஸைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பதினொன்று நாற்பத்தைந்துக்கு சர்வர் புது லைப்ரரியோடு எழுந்தது. ஐந்து நிமிடம் ப்ரொஃபைலரை ஓடவிட்டாள் சுடர்விழி. பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது.

இந்த முறை நான்கு பெயர்கள். வரிசை, பட்டியல், வாசல் மூன்றும் இருந்தன. பட்டியலுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு புதுப் பெயர் உட்கார்ந்திருந்தது. சுர்வேயான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேற்பார்க்கும் ஆளுக்கு அதுதான் பெயர். வரிசை தின்ற எழுபத்தொரு பங்கில் அறுபத்தெட்டு இந்த மேற்பார்வையாளர் கூப்பிட்டுத் தின்றது.

"இப்படி ஒரு திரை நம்ம சிஸ்டத்துலயே கிடையாதே," என்றாள் சுடர்விழி.

"இருக்குது," என்றான் கிளமான் மெல்ல. "நான்தான் எழுதினேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. ஒரே ஒரு மெஷின்லதான் திறக்கும்." அவன் கண் கூடத்தைத் தாண்டி, மூடியிருந்த முதலாளி அறைக் கதவுக்குப் போனது.

அரிகிருஷ்ணன் காலண்டர் தாள்களை மறுபடி புரட்டினார். பத்தரைக்கு அலுவலகம் வந்து, பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போய், தூங்கி எழுந்து நான்கு மணிக்குத் திரும்பி, ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

"மெஷினு தூங்கல அஞ்சலாட்சி," என்றார்.

"அதான் அப்பவே சொன்னேனே சார். நீங்கதான் சிரிச்சிட்டீங்க."

அவர்கள் உள்ளே போனபோது மார்செல் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். கடிதம் முன்னால் இருந்தது. மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.

"கண்டுபிடிச்சீங்களா மிசே? யார் தூண்டிவிட்டது?"

"கண்டுபிடிச்சிட்டேன். அந்த மானிட்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

"அது என் பர்சனல்."

"எங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றாள் அஞ்சலாட்சி. "அதான் மொதல்ல கேக்கல."

மார்செல் திருப்பினார். திரையில் பதினான்கு பேருடைய பெயர்கள் இருந்தன, எல்லாம் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கடைசிப் பத்து நொடியில் அவர்கள் எத்தனை வேலை முடித்தார்கள் என்ற எண். சும்மா இருக்கிறவர் பெயர் சிவப்பாகும். பதினான்கு பெயரும் சிவப்பாக இருந்தன.

"பாருங்க," என்றார் மார்செல். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "உலகக் கோப்பை ஆரம்பிச்சதிலேர்ந்து எல்லாரும் ராத்திரி மேட்ச் பார்த்துட்டு இங்க வந்து தூங்கறாங்க. முன்னாடி மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன். மூணு வாரமா பத்து செகண்டுக்கு ஒரு தடவைன்னு மாத்திட்டேன். அதுலேர்ந்து இன்னும் மோசம். ஒருத்தர்கூட வேலை செய்யறதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை.

சுடர்விழி நான்கு பெயர் இருந்த தாளை அவர் முன் வைத்தாள். "சார், இந்தப் பதினாலு வரியைக் காட்டறதுக்கு இது மூணு ஆஸ்பத்திரியோட ரெண்டு லட்சம் அப்பாயின்ட்மென்டையும் பத்து செகண்டுக்கு ஒரு வாட்டி முழுசா எடுத்து அடுக்கச் சொல்லுது. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. நாங்க சும்மா இல்ல சார். நீங்க பார்த்துட்டு இருக்கறதாலதான் எங்களால வேலை செய்ய முடியல."

மார்செல் கிளமானைப் பார்த்தார். கிளமான் தலையாட்டினான். அஜுதான் ஒற்றை விரலால் சுட்டியைப் பிடித்து, நகர்த்தி, திரையிலிருந்த அந்த ஜன்னலை மூடினார். அரை நிமிடம் கழித்துக் கூடத்தில் யாரோ, "ஏய், வந்துடுச்சு!" என்றார்கள். போன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதருக்கு, மூன்று வாரத்தில் அதுதான் முதல் அமைதி.

அவர் ராணுவத்தில் இருந்தவர். பின்வாங்குவது எப்படி என்பதும் தெரியும்.

"போங்," என்றார், சரி என்பதற்குப் பிரெஞ்சில். "பிரச்சினை தீர்ந்தது. மிசே, மொரீஷியஸுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. டெக்னிகல் கோளாறு, சரி பண்ணியாச்சு, அவ்ளோ போதும். சுர்வேயான், என் பேரு, அதெல்லாம் வேணாம். மத்மொசேல் வேலையில இருக்கட்டும். அவ சர்டிபிகேட் எல்லாம் இப்பவே எடுத்துக் குடுத்துடறேன்." சாவிக்கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அரிகிருஷ்ணனுக்கு இது நல்ல பேரமாகத்தான் பட்டது. இருபத்திரண்டு வருட அரசாங்க வேலையில் அவர் பார்த்த உண்மைகள் பெரும்பாலும் இதைவிட மலிவாகப் போனவை. பேனாவை எடுத்தார்.

"வேணாம் சார்," என்றாள் சுடர்விழி.

மூன்று ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"போன வாரம் நீங்க அனுப்புன ரிப்போர்ட்டுல என் பேருதான் சார் முதல் வரி. அது அங்க அப்படியே இருக்குது. இப்ப டெக்னிகல் கோளாறுன்னு மட்டும் போட்டா கோளாறு நான்னுதான் அர்த்தம். ஒரு ஆளை எடுத்துட்டா பழி அடுத்த ஆள் மேல வந்து நிக்குது, இப்பதானே பார்த்தோம்?" அவள் குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "எங்கப்பா மில்லுல மெஷின் உடைஞ்சா உடைச்சது யாருன்னு கடைசி ஆளு பேரைத்தான் எழுதுவாங்களாம். என் பேரை அப்படி எழுத விட மாட்டேன். எனக்கு சர்டிபிகேட் வேணாம் சார். உங்க பேரு வேணும்."

அரிகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நிமிடம் தன்னை நினைத்து அவருக்குக் கூச்சமாகவும், அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. அஞ்சலாட்சிக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. அது வருடத்துக்கு ஒரு முறை நடப்பது.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. மார்செல் எழுந்திருக்கவில்லை. கடிதத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், கைகட்டி நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மொரீஷியஸுக்கான ரிப்போர்ட்டில் காரணம் என்ற வரியில் ஒற்றை விரல் இறங்கியது. முதல் எழுத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆயிற்று. சுடர்விழி உதவப் போகவில்லை. கிளமான் ஒரு அடி எடுத்து வைத்தான், அஞ்சலாட்சி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். மார்செல் தன் பெயரின் ஆறு பிரெஞ்சு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். அதற்குக் கீழே சுர்வேயான் என்பதையும் அடித்தார். பிரின்ட் எடுத்தார், கையெழுத்துப் போட்டார், அதை அரிகிருஷ்ணனிடம் கொடுக்காமல் நேராகச் சுடர்விழியிடம் நீட்டினார். மணி பன்னிரண்டே கால். அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சாப்பாட்டுக்கு நேரம் தவறியது அன்றுதான்.

சுடர்விழி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எதுவும் விட்டுப்போகவில்லை என்று நிச்சயம் ஆனதும் தாளை மடித்தாள்.

"தேங்க்ஸ் சார்," என்றாள். "இப்ப அந்த சர்டிபிகேட்டையும் குடுங்க."